வலிக்குச் சாட்சி கேட்கும் அலுவலகங்கள்

மாதவிடாய் என்ற சொல்லை உச்சரிக்கக் கூசும் பணியிடங்கள், அதற்கு ஆதாரம் கேட்க மட்டும் கூசுவதில்லை. விடுப்பு கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதத்தின் இரைச்சலில், புகார் சொல்லும் பெண்ணின் குரல் அமுங்கிப் போகிறது.

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஹரியானா மாநிலம் ரோத்தக்கில் உள்ள மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகம் ஆளுநரின் வருகைக்காகப் பரபரத்துக்கொண்டிருந்தது. விடுமுறை நாளானாலும் தூய்மைப் பணியாளர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சில பெண்கள், தங்களுக்கு மாதவிடாய் நாள், உடம்பு முடியவில்லை, வேகமாக வேலை செய்ய இயலாது என்று மேற்பார்வையாளர்களிடம் சொன்னார்கள். பதிலாக வந்தது ஒரு கட்டளை: நிரூபித்துக் காட்டுங்கள்.

கழிப்பறைக்குப் போய், அணிந்திருக்கும் நாப்கினைப் புகைப்படம் எடுத்து வந்து காட்டும்படி தாங்கள் நிர்ப்பந்திக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் புகார் சொன்னார்கள். வளாகத்திலேயே போராட்டம் வெடித்தது. மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றியதாக மேற்பார்வையாளர்கள் கூறினார்கள். தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மேலிடம் மறுத்தது. ஒப்பந்த முறையில் நியமிக்கப்பட்டிருந்த மேற்பார்வையாளர்கள் இருவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. விஷயம் அதோடு முடியவில்லை. உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சங்கமே மனுவோடு உச்சநீதிமன்றப் படியேறியது. நவம்பர் 28ஆம் தேதி மனுவை விசாரித்த நீதிபதி பி.வி. நாகரத்னா, இது இவர்களுடைய மனப்பான்மையைக் காட்டுகிறது என்றார். கர்நாடகத்தில் மாதவிடாய் விடுப்பு தருகிறார்கள், அதைக் கொடுக்கவும் இப்படித்தான் ஆதாரம் கேட்பார்களோ என்ற கவலை தனக்கு எழுந்ததாகவும் அவர் குறிப்பிட்டார். அந்தப் பெண்களால் கனமான வேலை செய்ய முடியவில்லை என்றால் வேறு ஆளை அமர்த்தியிருக்கலாமே என்ற எளிய கேள்வியும் அவரிடமிருந்து வந்தது.

ரோத்தக்கில் அன்று யாருக்கும் தோன்றாத கேள்வி அதுதான். வேறு ஆளை அமர்த்த ஐந்து நிமிடம் போதும். சந்தேகப்பட்டதால் ஊர் சிரித்தது.

படிவத்தில் ஒரு கேள்வி

சந்தேகம் புதிதல்ல. படித்தவர்கள் நிறைந்த, மத்திய அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் படிவத்திலேயே அது ஒரு காலத்தில் அச்சாகியிருந்தது. 1989ல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் பணிக்குத் தேர்வான பெண்கள் ஓர் உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு ஏதும் உண்டா என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தது. எழுத்தர் வேலைக்கு வந்தவர் எழுத வேண்டிய விவரங்கள் இவை.

நீரா மாத்தூர் என்ற பெண் அந்தப் படிவத்தை நிரப்பி வேலையில் சேர்ந்தார். தகுதிகாண் காலத்தில் பிரசவ விடுப்பு எடுத்தார். குழந்தை பிறந்து ஒரு மாதம் கழிந்த நிலையில் அவரை வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகக் கொடுத்துவிட்டார் என்பது நிர்வாகத்தின் வாதம். உயர்நீதிமன்றம் கைவிட்டது, உச்சநீதிமன்றம் கைகொடுத்தது. 1991 அக்டோபரில் வந்த தீர்ப்பு அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அதோடு நில்லாமல், படிவத்தில் உள்ள இந்தக் கேள்விகள் சங்கடப்படுத்துபவை, அவமானப்படுத்துபவை என்று கூறி, அவற்றை நீக்கிவிடுமாறும் அறிவுறுத்தியது.

பாடம் படிந்ததா? 2007ல் ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கான புதிய மதிப்பீட்டு முறையோடு ஒரு மருத்துவப் பரிசோதனைப் படிவமும் வந்தது. அதில் பெண் அதிகாரிகளின் மாதவிடாய் வரலாறு கேட்கப்பட்டிருந்தது. மாவட்டத்தையே நிர்வகிப்பவர்கள் தங்கள் மாதக் கணக்கைக் கோப்பில் எழுதித் தர வேண்டும். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அரசு பின்வாங்கியது.

படிவத்தில் கேட்பது மேல்தட்டு வழக்கம். கீழே போகப்போகக் கை நீள்கிறது. 2014 டிசம்பரில் கொச்சி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் கழிப்பறையில், பயன்படுத்திய நாப்கின் ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று கண்டுபிடிக்கப் பெண் தொழிலாளர்களின் ஆடைகளைக் களைந்து சோதனை போட்டதாகப் புகார் எழுந்தது. கேரளத்தில் கொதிப்பு கிளம்பியது. கண்டனம் தெரிவித்த பெண்கள் அந்த நிறுவனத்துக்குத் தபாலில் நாப்கின் அனுப்பிவைத்தார்கள்.

1989, 2007, 2014, 2025. தேதிகள்தான் மாறுகின்றன. அதிகாரியானாலும் எழுத்தரானாலும் துடைப்பம் பிடிப்பவரானாலும், பெண் சொல்வதைச் சொன்னபடி ஏற்க முடியாது என்ற எண்ணம் மாறுவதில்லை.

பெயர் சொல்லாத நோய்

பெண்ணும் அதை எளிதில் சொல்லிவிடுவதில்லை. இந்திய மொழிகள் அதற்கு அவளைப் பழக்கியிருக்கின்றன. தமிழில் ‘தூரம்’, ‘விலக்கு’. கன்னடத்தில் ‘முட்டு’, தொடுவதைக் குறிக்கும் சொல்லே தொடக்கூடாத நாளுக்கும் பெயராயிற்று. மராத்தியில் ‘அடசண்’, அதாவது இடைஞ்சல்; அல்லது ‘காக்கை தொட்டுவிட்டது’. வங்காளத்தில் ‘ஷொரீர் காராப்’, உடம்பு சரியில்லை. தொல்காப்பியம் ‘பூப்பு’ என்று கூச்சமில்லாமல் சொன்னதை, பின்னால் வந்தவர்கள் எத்தனையோ திரைகளால் மூடினார்கள்.

இந்தத் திரைகள் அலுவலகத்துக்கும் வருகின்றன. விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் ‘காய்ச்சல்’ என்றோ ‘வயிற்றுக்கோளாறு’ என்றோ ஆகிவிடுகிறது. மருந்துக்கடையில் நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார்கள். அலுவலகத்தில் அதைக் கைப்பைக்குள்ளிருந்து புடவைத் தலைப்புக்கு மாற்றி, யார் கண்ணிலும் படாமல் கழிப்பறைக்குப் போய்ச் சேருவது ஒரு கலை. மாதம் தவறாமல் அதே நாட்களில் காய்ச்சல் வருவதைக் கவனிக்கும் மேலதிகாரி, இவள் சாக்குச் சொல்கிறாள் என்ற முடிவுக்கு வருகிறார். உண்மையைச் சொன்னால் கிண்டல், சொல்லாவிட்டால் பொய்காரி. இரண்டுக்கும் நடுவில் நல்ல பெயரோடு நடப்பது எளிதல்ல.

வலி என்பது கற்பனையா? கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள் கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அதன் அளவு கூடினால் வலியும் கூடும்; குமட்டல், வயிற்றுப்போக்கு, மயக்கம்வரை போகும். சிலருக்குத் தெரியாமலே கழியும் நாள், சிலரைப் படுக்கையில் தள்ளிவிடும். இன்னொரு சாராருக்கு அது நோயாகவே இருக்கிறது. கருப்பைச் சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேரைப் பாதிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெயர் தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் அதைச் சுமப்பவர்கள் ஏராளம். இந்தியாவில் இதற்குமேல் ரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். அளவுக்கு மீறிய உதிரப்போக்கு அவர்களை இன்னும் சோர வைக்கிறது.

எல்லோருக்கும் ஒரேமாதிரி இல்லை என்பதுதான் சிக்கல். வலியே அறியாத பெண் மேலதிகாரி, ‘நாங்களெல்லாம் வேலை செய்யவில்லையா?’ என்று கேட்டுவிடும்போது, புகார் சொல்ல வந்தவருக்கு ஆண் அதிகாரியே தேவலாம் என்று தோன்றிவிடுகிறது.

கரும்புக் காட்டில் கருப்பை

சொல்லாத வலியின் விலையை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் அறியும். மழை பொய்க்கும் மராத்வாடா பகுதியிலிருந்து ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’. அரிவாளுக்கு வழங்கும் பெயர் அது. இரண்டு மனிதர்கள் சேர்ந்து ஓர் அரிவாளாக எண்ணப்படுகிறார்கள். முகாதம் எனப்படும் ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்து அழைத்துப் போகிறார். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதோடு அபராதமும் உண்டு; 500 ரூபாய்வரை பிடிப்பார்கள் என்று பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். கூடாரத்தில் கழிப்பறை கிடையாது. தண்ணீரும் அரிது. விடியுமுன்னே வயலில் இறங்கி, வெட்டிய கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்ற வேண்டும்.

இந்தச் சூழலில் அழுக்குத்துணி, தொற்று, வலி, மறுபடி டாக்டர். சில தனியார் மருத்துவமனைகள் காட்டிய வழி, கருப்பையையே எடுத்துவிடுவது. எடுத்துவிட்டால் மாதாமாதம் தொல்லையில்லை, அபராதமில்லை, புற்றுநோய் பயமும் இல்லை. 2019ல் செய்திகள் வெளிவந்து நாடே அதிர்ந்தபோது, நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு குழு அமைத்தது. பீட் மாவட்டத்தில் விசாரிக்கப்பட்ட 82,309 பெண் கரும்புத் தொழிலாளர்களில் 13,861 பேருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆறு பேரில் ஒருவர். முப்பதைத் தொடாத பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அதன் பிறகு, தனியார் மருத்துவமனைகள் கருப்பையை அகற்றுமுன் மாவட்ட அரசு மருத்துவரின் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. அபராதத்தைத் தடுக்கும் கட்டுப்பாடு அவ்வளவு வேகமாக வரவில்லை.

அதே 2019ல் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. சுமார் 100 பெண்களிடம் பேசியிருந்தார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை தருகிறார். அதன் பெயர் என்ன, பக்கவிளைவு என்ன என்று யாரும் சொல்வதில்லை. உறையில் எழுத்தும் இல்லை. மருத்துவர் பார்ப்பதில்லை. வலி அடங்கும், தையல் எந்திரம் ஓடும், அன்றைய உற்பத்தி இலக்கு எட்டப்படும். இதை விடுப்பு மறுப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது, மருந்தே கொடுக்கிறார்களே!

ரயில் எஞ்சினுக்குள்ளும் இதே கதையின் வேறு வடிவம். இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநரான சுரேகா யாதவ் 1989ல் வேலைக்குச் சேர்ந்து 2025ல் ஓய்வு பெற்றார். அந்த 36 ஆண்டுகளின் பெரும்பகுதியில் எஞ்சினில் கழிப்பறை என்ற ஒன்று இருக்கவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் பொருத்தும் வேலை தொடங்கியது. வழியில் எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கணக்கிட்டு, தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டிய பெண்கள், ஓட்டும் வேலையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றக் கோரி நிர்வாகத்துக்கு மனுப் போட்டதும் உண்டு.

புகார் எங்கே போகிறது?

புகார் சொல்ல வழியே இல்லையா? சட்டப்புத்தகத்தில் வழிகள் உண்டு. எந்த வழி எதற்கு என்பதில்தான் குழப்பம்.

முதல் வழி, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். வெளியாள் ஒருவரும் உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். குழு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. உடையைக் களையச் சொல்வது, மாதவிடாயைச் சாக்காக வைத்து ஆபாசமாகப் பேசுவது போன்றவற்றுக்கு இந்த வாசல் திறக்கும்.

ஆனால் பெரும்பாலான மனக்குறைகள் அந்த ரகத்தைச் சேர்ந்தவை அல்ல. கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் குறித்துவைக்கிறார்கள், குப்பைத்தொட்டி இல்லை, வலியில் துடித்தபோது உட்காரக்கூட விடவில்லை, விடுப்புக் கேட்டதற்கு எல்லார் முன்னிலையிலும் காரணத்தை விளக்கச் சொன்னார்கள். இவற்றை உள்புகார்க் குழுவிடம் கொண்டுபோனால், ‘இதில் பாலியல் நோக்கம் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியோடு தாள் திரும்பி வந்துவிடும். இதற்கான இரண்டாவது வாசல் பலருக்குத் தெரிவதில்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்பது தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010லேயே சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதைச் சொல்கிறது: பெண் தொழிலாளர்களின் விகிதத்துக்குக் குறையாமல் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும், மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்பதோ 1948ன் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே கட்டாயம்.

நடைமுறையில் புகார் இந்த வாசல்களை எட்டுமுன்பே செத்துவிடுகிறது. அதை முதலில் கேட்பவர் மேற்பார்வையாளர். பல நேரங்களில் புகாரே அவர்மீதுதான். அவர் சிரித்து மழுப்புவார். அல்லது அறிவுரை சொல்வார். அல்லது ‘இலகுவான வேலை’ என்று சொல்லிச் சம்பளம் குறைந்த பிரிவுக்கு மாற்றுவார். அடுத்த மாதம் அவள் வாய் திறப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னும் ஒரு சங்கடம், அவளுக்கு இரண்டு எஜமானர்கள். வேலை வாங்குபவர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார். ஒப்பந்தக்காரர் நாளை வர வேண்டாம் என்பார். ரோத்தக் பெண்களின் புகார் வெளியே வந்ததற்குக் காரணம் எந்தக் குழுவும் அல்ல. அவர்கள் பலராக இருந்தார்கள், அன்றைக்கே கூச்சல் போட்டார்கள். தனியாக இருந்திருந்தால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமையாகக் கழிந்திருக்கும்.

பாட்னாவிலிருந்து பெங்களூர் வரை

பொது விவாதமோ பெரும்பாலும் விடுப்பைச் சுற்றியே நடக்கிறது. அதில் முன்னோடி, பலரும் எதிர்பார்க்காத பீகார். 1992ல் லாலு பிரசாத் யாதவ் முதல்வராக இருந்தபோது, ஊழியர் போராட்டத்தின் விளைவாக அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் சிறப்பு விடுப்பு கிடைத்தது. அதற்கும் முன்னால், 1912ல் கொச்சி சமஸ்தானத்தின் திருப்பூணித்துறைப் பெண்கள் பள்ளி, ஆண்டுத் தேர்வின்போது மாதவிடாய் வந்த மாணவிகளுக்கு விடுப்பு தந்து, பிறகு தேர்வெழுத அனுமதித்தது. அதே கேரளம் 2023 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப்பதிவில் 2 சதவீதச் சலுகை அளித்தது. தனியார் நிறுவனங்களில் மும்பையின் கல்ச்சர் மெஷின் 2017ல் முதல் நாள் விடுப்பை அறிவித்தது. 2020ல் ஜொமாட்டோ ஆண்டுக்கு 10 நாள் தந்தது. ஒடிசா 2024 சுதந்திர தினத்தில் மாதம் ஒரு நாள் அறிவித்தது. 2025ல் கர்நாடகம் ஒரு படி மேலே போய், அரசு மட்டுமின்றித் தனியார் துறைக்கும் சேர்த்து மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு என ஆணையிட்டது. மருத்துவச் சான்று தேவையில்லை. பெங்களூர் ஓட்டல் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 டிசம்பர் 9ஆம் தேதி கர்நாடக உயர்நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதித்தது; அன்றே தடையை விலக்கியும் கொண்டது.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் முதலாளிகள் அல்ல. 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் அன்றைய பெண்கள் நல அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஊனமல்ல, பெண் வாழ்வின் இயல்பான பகுதி என்றார். தனி விடுப்பு பெண்களின் சம வாய்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அவர் வாதம். ஜொமாட்டோவின் அறிவிப்பு வந்தபோது, போர்க்களத்திலிருந்து செய்தி அனுப்பிய பத்திரிகையாளர் பர்க்கா தத், சம உரிமையும் கேட்டு இதையும் கேட்க முடியாது என்று எழுதினார். உச்சநீதிமன்றமும் 2023லும் 2024லும் பொதுநல மனுக்களின்மேல் தானே உத்தரவிட மறுத்தது. விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்ற அச்சத்தை 2024 ஜூலையில் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் வெளிப்படுத்தினார். மத்திய அரசு மாநிலங்களோடு கலந்துபேசி மாதிரிக் கொள்கை ஒன்றை வகுக்கட்டும் என்றார்.

அச்சம் ஆதாரமற்றதல்ல. 2017ல் பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அந்தச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில். பெண்ணை எடுத்தால் செலவு என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வரி கூடுகிறது. ஸ்பெயின் 2023ல் ஐரோப்பாவிலேயே முதன்முறையாக இந்த விடுப்பைச் சட்டமாக்கியபோது, செலவை அரசின் சமூகக் காப்பீட்டின்மேல் ஏற்றியது. ஆனால் மருத்துவர் சான்று கேட்டது. ஜப்பானில் 1947லிருந்தே சட்டம் உண்டு. அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் 2020ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்தபோது, தகுதியுள்ள பெண்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் 0.9 சதவீதம் பேர்தான். விடுப்பு இருந்தது, ஆண் அதிகாரியிடம் போய்க் கேட்கும் தைரியம்தான் இல்லை.

ஜப்பானின் அந்த எண்ணிக்கை இரு தரப்புக்கும் பதில் சொல்கிறது. கொடுத்தால் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம் வீண். சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வீண். கேட்டால் மானம் போகாது என்ற நிலை வராதவரை எந்த விடுப்பும் காகிதத்தில்தான் இருக்கும்.

மலிவான மருந்துகள்

அந்த நிலைக்குப் பெரிய செலவும் வேண்டியதில்லை. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, குழாயில் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, அவசரத்துக்குச் சில நாப்கின்கள். நாப்கின்மீதான சரக்கு சேவை வரிகூட 2018 ஜூலையில் நீங்கிவிட்டது. நின்றே செய்யும் வேலையில் ஒரு நாற்காலி. பெண்கள் வேலை செய்யும் பிரிவில் ஒரு பெண் மேற்பார்வையாளர். முடியாவிட்டால், இன்னாரிடம்தான் சொல்ல வேண்டும் என்று பெயர் குறித்த ஒரு பெண் ஊழியர். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தை ஓரிரு நாள் விடுப்புக்காவது எடுத்துவிடுவது. காரணமே கேட்காத படிவத்தில் பொய் எழுத வேண்டிய தேவை இல்லை.

புகாரைக் கையாள்வதற்கும் சில எளிய விதிகள் போதும். சொன்னதை நம்பி எழுதிக்கொள்ள வேண்டும். உடம்பைச் சோதிக்கும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் கிடையாது. ஒருவர் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார் என்ற ஐயம் வந்தால், முதுகுவலிக்கும் ஒற்றைத்தலைவலிக்கும் என்ன நடைமுறையோ அதேதான் இதற்கும்: மருத்துவரிடம் அனுப்பலாம், விவரம் மருத்துவரோடு நிற்க வேண்டும். புகார் செய்தவரின் சம்பளமும் இடமும் விசாரணை முடியும்வரை மாறக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளியின் புகாருக்கு வேலை வாங்கும் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்.

பீகாரின் அனுபவம் இங்கே நினைக்கத் தக்கது. 1992க்குப் பிறகு அந்த மாநிலத்தில் எத்தனையோ ஆட்சிகள் கவிழ்ந்தன, கூட்டணிகள் உடைந்தன. மாதம் 2 நாள் விடுப்பால் கவிழ்ந்தது எதுவும் இல்லை. விடுப்பு இருப்பதால் பெண்களை எடுக்க மாட்டார்கள் என்ற கவலைக்கு நடுவே, 2016ல் அதே அரசு தன் வேலைகளில் பெண்களுக்கு 35 சதவீத இடஒதுக்கீடு செய்தது. அரசு செய்ததைத் தனியாரும் அப்படியே செய்துவிட முடியாது என்பது உண்மை. என்றாலும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பெண்கள் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அதற்கு யாரும் புகைப்படம் கேட்கவில்லை.